பின்கதவு திறப்பு விழா

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. பேனர் பச்சை நிறம் என்று நினைக்கிறேன். நீலம் என்று சத்தியம் செய்பவர்களும் இருக்கிறார்கள். லூர்தம்மாளுக்கு மொத்தம் எத்தனை பொன்னாடை போர்த்தினார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கணக்கு சொல்கிறார்கள். யார் முதலில் வெளியே ஓடிவந்தார் என்பதில் இன்றுவரை தகராறு இருக்கிறது. பூட்டைப் பற்றி மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. அது பூட்டியிருந்தது.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையை ஒட்டி மலர்வனம் மகளிர் விடுதி என்று மூன்று மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. கம்பெனிகளில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் பெண்கள் அதில் தங்குகிறார்கள். கீழ்த்தளத்தில் சமையலறை போக மீதி முழுக்க ஒரே கூடம். அதில்தான் சாப்பாடு, அதில்தான் டிவி, அதில்தான் மாடிப்படியும் வந்து இறங்குகிறது. முன்பக்கம் இரும்பு கிரில். பின்பக்கம் ஒரு மரக்கதவு. திறந்தால் காலி மனை, அதில் சீமைக் கருவேலம். கட்டடம் கட்டிய நாளில் வைத்த கதவு அது. கட்டி முடித்த மறுநாள் பூட்டியது.

பென்னலூரிலிருந்து வந்து அங்கே சமையல் செய்துகொண்டிருந்தாள் லூர்தம்மாள். அவளுக்கு அந்தக் கதவின் மேல் எந்த விரோதமும் இருந்ததில்லை. ஒருநாள் முதல் மாடி அறை ஒன்றில் செல்போன் சார்ஜர் கருகி, மெத்தை புகைந்தது. பெரிய தீ இல்லை. ஒரு வாளித் தண்ணீரில் அணைந்துவிட்டது. ஆனால் அணைவதற்குள் பெண்கள் எல்லோரும் படியில் இறங்கிவிட்டார்கள். முன்வாசலில் நெரிசல் என்று பாதிப் பேர் பின்கதவுக்கு ஓடினார்கள். பூட்டைக் கண்டு முன்னால் போனவர்கள் திரும்ப, பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் விழுந்தார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஜோதி எல்லோருக்கும் அடியில் கிடந்தாள். கணுக்கால் முறிந்தது. அவளைத் தூக்கி உட்காரவைத்தது லூர்தம்மாள்தான். தூக்கும்போது அந்தப் பெண் அழவில்லை. பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைதான் லூர்தம்மாளைப் போட்டு வாட்டியது. அடுத்த தடவை தீ ஒரு வாளிக்கு அடங்காமல் போனால், கால் முறிந்தவள் எப்படி ஓடுவாள்?

இந்த நிலையில்தான் முகாம் வந்தது.

'அனைவர்க்கும் நீதி இலவச சட்ட உதவி மன்றம்' என்று ஓர் அமைப்பு. அதன் நிறுவனர், தலைவர், செயலாளர் மூவரும் நடேசன் என்ற ஒரே வழக்கறிஞர். விடுதியின் உரிமையாளர் தமிழ்வாணன் இடம் தந்து உதவினார். பேனர் கட்ட வந்தவர்கள் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பின்பக்கச் சுவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். மறுமுனைக் கயிற்றைக் கட்ட, பின்கதவின் பூட்டு வசதியாக இருந்தது.

நடேசன் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

"தாய்மார்களே, சகோதரிகளே! உங்களுக்கு எத்தனை உரிமைகள் இருக்கின்றன தெரியுமா? எனக்கே தெரியாது. அவ்வளவு இருக்கின்றன! உரிமை என்பது காற்று மாதிரி. பார்க்க முடியாது. பிடிக்க முடியாது. உங்களிடம் அது இருப்பதே உங்களுக்குத் தெரியாது. தெரியாதவர்களுக்குத் தெரியவைப்பதுதான் எங்கள் பணி. தெரிந்த பிறகு என்ன செய்வது என்பது உங்கள் சொந்த விஷயம். அதில் நாங்கள் தலையிடுவதில்லை."

பெண்கள் கை தட்டினார்கள். இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் தூக்கத்திலேயே தட்டினார்கள்.

"இப்போது நீங்கள் கேள்வி கேட்கலாம்."

யாரும் கேட்கவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நடேசன் காத்திருந்தார். மௌனம் நீண்டது. சில மௌனங்களில் மரியாதை இருக்கும், சிலவற்றில் பயம் இருக்கும். இதில் பசி இருந்தது. வார்டன் சசிரேகா சமையலறை வாசலுக்கு வந்து கிசுகிசுத்தாள்.

"லூர்தம்மா, எதாச்சும் ஒண்ணு கேளேன். சார் ஃபீல் பண்றாரு பாரு."

ரசம் ஊற்ற எடுத்த கரண்டியோடு லூர்தம்மாள் கூடத்துக்கு வந்தாள்.

"சார், நீ மாட்டிகினு கீற பேனருக்குப் பின்னால ஒரு கதவு கீது சார். எப்பவும் பூட்டியேதான் கீது. அன்னிக்கு மேல பொகை வந்தப்ப பொண்ணுங்களால வெளிய போவ முடியல. இதோ, இந்தப் பொண்ணுக்குக் காலு ஒடைஞ்சிச்சு. அத்தத் தொறக்க வெக்கறதுக்கு எதனா வழி கீதா சார்?"

நடேசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"கேட்டாரே ஒரு கேள்வி! எத்தனையோ வருடமாக முகாம் நடத்துகிறேன். 'சாப்பாடு எப்போது' என்பதைத் தவிர வேறு கேள்வியை நான் எந்த ஊரிலும் சந்தித்ததில்லை. அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். அந்தக் கதவைத் திறக்கும்படி கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது!"

கைதட்டல். பொன்னாடை. கரண்டியோடு ஒரு போட்டோ.

லூர்தம்மாள் மீதிப் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"அவ்ளோதானா சார்?"

"அவ்வளவுதான் அம்மா. எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்."

முகாம் முடிந்ததும் பேனர்காரர்கள் பூட்டிலிருந்து கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

சமையலறையில் ஜோதி, மாவுக்கட்டுக் காலை ஒரு ஸ்டூலில் நீட்டிவைத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, சட்டம் என்ன சொல்லுச்சு?"

"கேக்கலாமாம்."

"அதான் கேட்டாச்சுல்லா."

"கேட்டதுக்குத்தான் துண்டு போத்துனாங்க."

"சரிக்கா, தொறப்பாவளா மாட்டாவளா?"

லூர்தம்மாள் யோசித்தாள். "அது தெர்லம்மா. அதுக்கு வேற முகாம் இருக்கும்போல."

மறுநாள் அவள் வார்டனிடம் போனாள். கேட்க முழு உரிமை இருக்கிறது என்று தெரிந்த பிறகு போனதால் செருப்பை வாசலில் விடாமலே உள்ளே போனாள். அந்த அளவில் முகாம் வேலை செய்திருந்தது.

சசிரேகா கோபப்படவில்லை. "லூர்தம்மா, அது எதுக்குப் பூட்டியிருக்குன்னு நினைக்கிற? பாதுகாப்புக்கு."

"யாருக்கு மேடம்?"

"பொண்ணுங்களுக்குத்தான். தொறந்து விட்டா எவனாவது உள்ள வருவான். இல்லன்னா இவளுங்க வெளிய போவாளுங்க. ரெண்டுக்கும் நான்தான் பதில் சொல்லணும்."

"தீப்புடிச்சா மேடம்?"

"தீப்புடிச்சா அது விபத்து. அதுக்கு என்னை யாரும் கேக்க மாட்டாங்க. ஒருத்தி பின்கதவு வழியா பைக்ல ஏறிப் போயிட்டான்னு வையி, அவ அப்பா அம்மா, கம்பெனி ஹெச்.ஆர்., ஓனர் எல்லாம் என்னைத்தான் கேப்பாங்க."

லூர்தம்மாளுக்கு இது புரிந்தது. புரிந்ததுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வாரம் விடுதி வாசலில் நடேசனின் கார் வந்து நின்றது. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் முகாம். லூர்தம்மாள் வர வேண்டும், வந்து அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

"இங்க கேட்டதுக்கே ஒண்ணும் நடக்கல சார். அங்க போயி எதுக்கு?"

"அங்கே இருப்பவர்களுக்கு விழிப்புணர்வு வரும் அம்மா."

"அவங்க கதவும் பூட்டிக்கீதா?"

"அதையெல்லாம் நாம் பார்க்கக் கூடாது. அவர்கள் நம்மை நம்பி மதியச் சாப்பாடு போடுகிறார்கள்."

அவள் போனாள். பெரிய ஆட்கள் நிறைய பேர் வருவார்கள், அதில் ஒருவர் காதிலாவது விழும் என்று நினைத்தாள். கேட்டாள். கை தட்டினார்கள். பதில் மாறவில்லை: கேட்க முழு உரிமை இருக்கிறது.

அப்புறம் இது வழக்கமாகிவிட்டது. படப்பையில் ஒரு கல்லூரி, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சங்கத்தின் ஆண்டு விழா, நடுவில் எங்கோ ஒரு டயர் கடைத் திறப்பு விழா. எல்லா இடத்திலும் நடேசன் முதலில் "கேள்வி உண்டா?" என்பார். கூட்டத்தின் நடுவிலிருந்து லூர்தம்மாள் எழுந்திருப்பாள். அவளை நடுவில் உட்காரவைப்பது, கேள்வி மக்களிடமிருந்து வருவதாக இருக்க வேண்டும் என்பதற்காக. கரண்டி கட்டாயம். முதல் போட்டோவில் கரண்டி நன்றாக விழுந்திருந்ததால், டயர் கடைத் திறப்பு விழாவிலும் அவள் கரண்டியோடுதான் எழுந்தாள். அவளுடைய கரண்டி சமையலறையில் தேவைப்பட்டதால் மன்றமே புதிதாக ஒன்று வாங்கி கார் டிக்கியில் வைத்திருந்தது.

கேள்வியும் செப்பனிடப்பட்டது. "ரொம்ப நீளம்" என்று நடேசன் சார்ஜரை எடுத்துவிட்டார். மெத்தையையும் எடுத்துவிட்டார். "கால் ஒடைஞ்சிச்சு என்ற இடத்தில் ஒரு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். முடிந்தால் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோங்கள்." அவள் நின்றாள். அவள் நிற்கும் நேரத்தில் உண்மையிலேயே ஜோதியின் பார்வை நினைவுக்கு வரும். கண் தானாகக் கலங்கும். அதைப் பார்த்து நடேசன், "பிரமாதம்" என்று தலையாட்டுவார். அப்போது அவளுக்கு வெட்கமாக இருக்கும். எதற்கு வெட்கம் என்று அவளுக்கே சொல்லத் தெரியாது.

மன்றத்தில் சத்யப்பிரியா என்றொரு இளம் வழக்கறிஞர் இருந்தாள். அவளுடைய பொறுப்பு, விருந்தினர் பெயரை உச்சரிப்புப் பிழையில்லாமல் வாசிப்பது. சேரப்பணஞ்சேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த முகாமில், லூர்தம்மாளின் கேள்வி முடிந்ததும் அவள் வாய்தவறிப் பதில் சொல்லிவிட்டாள்.

"அக்கா, இது ரொம்ப சிம்பிள். ஃபயர் சர்வீஸ்ல போய் விஷயத்தைச் சொன்னா, அவங்களே நேர்ல வந்து பார்த்து..."

நடேசன் மைக்கை வாங்கிக்கொண்டார். "நேரமின்மை காரணமாக நன்றியுரைக்குச் செல்கிறோம்."

திரும்பும்போது காரில் அவர் குரலை உயர்த்தவில்லை.

"மேடையில் தீர்வு சொல்லக் கூடாதும்மா. நாம் விழிப்புணர்வு. தீர்வு வேறு டிபார்ட்மெண்ட். இந்தம்மா பிரச்சினையை இன்றைக்கே தீர்த்துவிட்டால் அடுத்த முகாமில் யார் எழுந்து நிற்பது?"

ஒரகடம் மேம்பாலம் வந்தது, போனது. கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. விடுதி வாசலில் இறங்கும்போதுதான் சத்யப்பிரியா மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, உங்க ஓனர் நம்பர் இருக்கா?"

அவள் தமிழ்வாணனிடம் என்ன பேசினாள் என்று தெரியாது. யாராவது சோதனைக்கு வந்து பார்த்தால் கதவுக்கு இருக்கும் பூட்டு விடுதிக்கே விழும் என்கிற மாதிரி ஏதோ சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் காலையிலேயே தமிழ்வாணன் வந்துவிட்டார். வயல் விற்ற காசில் விடுதி கட்டியவர், சண்டைக்காரர் இல்லை.

"பிச்சையா! அந்தச் சனியன் பூட்டைத் தொறந்து கடாசுப்பா. ஊரு பூரா என் கதவையே பேசிக்கினு கீறாங்க."

வாட்ச்மேன் பிச்சையா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். லூர்தம்மாள் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு ஜோதியைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தாள். துருவேறிய பூட்டுக்குள் சாவி போயிற்று. ஒரு சுற்று திரும்பக்கூடச் செய்தது.

அந்த நேரத்தில் நடேசன் உள்ளே வந்தார். சசிரேகா போன் செய்திருந்தாள்.

"தமிழ்வாணன் சார்! ஒரு நிமிடம். என்ன காரியம் செய்கிறீர்கள்?"

"கதவத் தொறக்கறேன். நீதானப்பா ஊரு ஊராப் போயி கேக்க வெச்ச?"

"கேட்கத்தானே வைத்தேன்? சார், யோசித்துப் பாருங்கள். இப்போது நீங்கள் திறந்தால் அது வெறும் கதவு. சிறப்பு விருந்தினர் ஒருவர் வந்து திறந்தால் அது உரிமை. மன்றத்தின் ஆண்டு விழாவை இங்கேயே வைக்கிறோம். பின்கதவு திறப்பு விழா. உங்கள் பெயரில் கல்வெட்டு."

தமிழ்வாணன் கதவைப் பார்த்தார். "கல்லு எங்க வெப்பீங்க?"

"கதவுக்கு மேலேயே."

பிச்சையா சாவியை வெளியே எடுத்தார்.

"சார்," என்றாள் லூர்தம்மாள், "அதுக்குள்ள தீப்புடிச்சா?"

"தேதி கிடைக்கும்வரை கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள் அம்மா. இத்தனை நாள் பொறுத்தவர்கள்தானே."

பழைய பூட்டு போட்டோவில் நன்றாக இருக்காது என்று அதை எடுத்துவிட்டு, உள்ளங்கை அகலத்துக்குப் புதிய பித்தளைப் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டார்கள். சாவி பிச்சையாவின் கொத்தில் சேர்ந்தது. சிறப்பு விருந்தினர் கையில் கொடுக்கத் தெர்மாகோலில் முழங்கை நீளச் சாவி செய்து தங்கநிறக் காகிதம் ஒட்டினார்கள்.

கல்வெட்டு வந்தது. தேதி வரவில்லை. சிறப்பு விருந்தினருக்கு ஒரு வாரம் கல்யாணம், ஒரு வாரம் மாநாடு, ஒரு வாரம் தொண்டை கட்டிவிட்டது. ஜோதிக்கு மாவுக்கட்டு பிரித்தார்கள். இழுத்து இழுத்து நடந்தாள். லூர்தம்மாள் அடுப்பை அணைத்த பிறகும் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாள். ஒருநாள் தாங்காமல் பிச்சையாவிடம் கேட்டாள்.

"ண்ணா, நீயாவது தெரியாத மாரி தொறந்து வுட்டுடேன். யார்னா கேட்டா மறந்துட்டேன்னு சொல்லு."

"நான் தொறக்க மாட்டேன்னா சொல்றேன்? கல்லு வெச்சிட்டாங்கமே. கல்லுல ஒர்த்தர் தொறந்து வெச்சாருன்னு கீது. அவருக்கு முன்ன நான் தொறந்தா, கல்லு பொய்யாப் பூடும். கல்லு பொய்யாச்சுன்னா என் வேல பூடும்."

ஒருவழியாக நாள் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை. பெண்கள் எல்லோரும் கூடத்தில் உட்காரவைக்கப்பட்டார்கள். முதல் வரிசையில் ஜோதி. அவள் சட்டையில் 'பாதிக்கப்பட்டவர்' என்று அட்டை குத்தியிருந்தார்கள். "கால் சரியாயிட்டு இருக்குன்னு சொன்னா, கொஞ்சம் சரியாகாத மாதிரி உக்காருன்னு சொல்லுதாவக்கா," என்று அவள் லூர்தம்மாளிடம் முணுமுணுத்தாள். பின்கதவை மறைத்துப் பெரிய பேனர், திரை விலகுவதுபோல் விழும்படி கட்டியிருந்தார்கள். அதற்கு முன்னால் மேடை. மேடையில், பந்தல் கடையிலிருந்து வாடகைக்கு வந்த குத்துவிளக்கு.

சிறப்பு விருந்தினர் கிளம்பிவிட்டார் என்று தகவல் வந்தது. வழிகாட்டி அழைத்துவர பிச்சையாவை மெயின் ரோட்டுக்கு அனுப்பினார்கள். பெண்கள் டீ குடிக்க நழுவிவிடுவார்கள், விருந்தினர் வரும்போது நாற்காலிகள் காலியாக இருக்கும் என்று சசிரேகாவுக்குக் கவலை. ஆகவே பிச்சையா போகும்போது முன்பக்க கிரிலை வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு போனார். உரிமைகளைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் பாதியில் எழுந்து போகாமல் இருக்க, எனக்குத் தெரிந்து இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை.

விருந்தினர் வரவில்லை. நடேசன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ராகு காலம் தொடங்கப்போகிறது. அதற்குள் விளக்கையாவது ஏற்றிவிடுவோம்."

மேடையில் இருந்தவர்களுக்கு வியர்க்காமல் இருக்க ஸ்டாண்டு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் திரி பற்றவில்லை. எல்லா விழாக்களிலும் செய்வதுபோல் திரி நுனியில் கற்பூரம் வைத்தார்கள். இப்போது பற்றியது. ஃபேன் காற்றில் சுடர் படுத்து, பின்னாலிருந்த பேனரைத் தொட்டது. பேனர் மெதுவாகச் சுருங்கி, கறுத்து, பிறகு வேகமாக எரிந்தது.

முதலில் எல்லோரும் கை தட்டினார்கள். தீப்பாதுகாப்புச் செயல்விளக்கம் என்று நினைத்தார்கள்.

நடேசனும் சற்று நேரம் அப்படித்தான் நினைத்ததாகத் தெரிகிறது, விளக்கேற்றிய கையோடு தொடங்கிய வரவேற்புரையை நிறுத்தவில்லை. கறுப்புப் புகை கூரையில் முட்டித் தலைகளை நோக்கி இறங்கியது. பெண்கள் எழுந்தார்கள்.

"உக்காருங்கடி! வரவேற்புரையே முடியல!" என்று கத்தினாள் சசிரேகா. இருமிக்கொண்டே கத்தினாள்.

கூட்டம் கிரிலுக்கு ஓடியது. கம்பியைப் பிடித்து உலுக்கியது. சசிரேகா பிச்சையாவுக்குப் போன் போட்டாள். மெயின் ரோட்டு லாரிச் சத்தத்தில் அவர் அலறினார்: "காரு இன்னும் வரல மேடம்! வந்ததும் இட்டாறேன்!" போனை வைத்துவிட்டார்.

பேனர் முழுக்க எரிந்து விழுந்ததும் கதவு தெரிந்தது. பித்தளைப் பூட்டு பளபளவென்று இருந்தது. நடேசன் தெர்மாகோல் சாவியைப் பூட்டருகே கொண்டுபோனதைப் பார்த்ததாக இரண்டு பெண்கள் சொல்கிறார்கள். நான் அதை நம்பவில்லை. புகையில் கண் தெரிந்திருக்காது.

லூர்தம்மாள் கையில் கரண்டி இருந்தது. கூட்டத்தில் ஜோதியைத் தேடினாள். ஜோதி ஓடவில்லை. முதல் வரிசையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அன்றைக்குப் போலவே பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லூர்தம்மாள் கரண்டியைக் கீழே போட்டாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு குத்துவிளக்கைத் தண்டோடு பிடித்துத் தூக்கினாள். பற்றியெரிந்த எண்ணெய் கையில் வழிந்தது. மீதி எண்ணெயைத் தள்ளிக் கவிழ்த்தாள். விளக்கின் அடிப்பாகத்தால் பூட்டின் மேல் ஓங்கி அடித்தாள். பூட்டு அசையவில்லை. மறுபடி அடித்தாள். பூட்டு புதியது, நாதாங்கி பழையது. அடுத்த அடியில் நாதாங்கி ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது.

"எழுந்து வாடி! இன்னாத்தப் பாத்துகினு நிக்கற?"

"கால் வரமாட்டேங்குக்கா."

"நான் கீறன் வா."

ஜோதியின் அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். எல்லோரும் வந்தார்கள். முதலில் வந்தவர் நடேசன் என்று பெண்கள் சொல்கிறார்கள். பின்னால் வருபவர்களுக்கு வழிகாட்டினேன் என்று அவர் சொல்கிறார். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

கருவேல முள்ளுக்கு நடுவே நின்று எல்லோரும் இருமினார்கள். உள்ளே எரிவதற்குப் பேனரைத் தவிர அதிகம் இல்லாததால் தீ தானாகவே அடங்கியது. லூர்தம்மாள் கொப்புளித்த கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோதி தன் சட்டையிலிருந்த அட்டையைக் கழற்றி அந்தக் கையை விசிறினாள்.

நடேசன்தான் முதலில் பேசினார்.

"இப்படிச் செய்துவிட்டீர்களே அம்மா. சிறப்பு விருந்தினர் வந்தால் எதைத் திறப்பார்?"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, முன்பக்கம் கார் வந்தது. அவசரமாக எல்லோரையும் பின்கதவு வழியாகவே உள்ளே திருப்பி அனுப்பினார்கள். பிச்சையா கிரிலைத் திறந்தார். விருந்தினர் கூடத்தில் நின்று முகர்ந்து பார்த்தார். "சாம்பிராணியா?" என்று கேட்டார். ஆமாம் என்றார்கள். பின்கதவைச் சாத்தினார்கள். நாதாங்கி இல்லாததால் அது நிற்கவில்லை. வெளியே நின்ற இரண்டு பெண்கள் கதவைத் தங்கள் பக்கமிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். தெர்மாகோல் சாவி புகையில் சற்றுச் சுருங்கியிருந்தது. அதை வாங்கிக் கதவில் வைத்து, கைதட்டலுக்கிடையே விருந்தினர் கதவைத் திறந்தார்.

"இந்தக் கதவு தானாகத் திறக்கவில்லை," என்றார் அவர். "பல பேருடைய இடையறாத முயற்சியால் திறந்திருக்கிறது. அந்த முயற்சியை எடுத்தவர்களை நான் நன்றாக அறிவேன். அவர்கள் எல்லோரும் இந்த மேடையில்தான் இருக்கிறார்கள்."

லூர்தம்மாள் அப்போது பிச்சையாவின் சைக்கிளில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

இனி அவரவர் என்ன ஆனார்கள் என்று சொல்லிவிடுகிறேன். கல்வெட்டில் தேதி பொறித்துவிட்டார்கள். மன்றம் இப்போது குடிநீர் உரிமை பற்றி முகாம்கள் நடத்துகிறது. நடேசன் புதிதாக ஒரு குடத்தை டிக்கியில் வைத்திருக்கிறார். சசிரேகா அதே விடுதியில் வார்டன். பிச்சையா அதே விடுதியில் வாட்ச்மேன். விழா முடிந்த மறுநாள் தமிழ்வாணன் கதவுக்குப் புது நாதாங்கி போட்டு, அதே பித்தளைப் பூட்டைப் பூட்டினார். திறப்பு விழாவுக்கு முன்பே கதவைச் சேதப்படுத்தியதாக லூர்தம்மாள் மேல் புகார் கொடுத்தார். அவளுக்கு வேலை போயிற்று. இப்போது ஒரகடத்தில் ஒரு கேன்டீனில் சமைக்கிறாள். வலது கையில் தழும்பு இருக்கிறது. வழக்கு நடக்கிறது. இலவச சட்ட உதவி பெற இப்போது அவளுக்கு முழுத் தகுதி வந்துவிட்டது என்று மன்றம் அவளுக்குச் சொல்லியனுப்பியது. அவள் போகவில்லை. மன்றத்திலிருந்து விலகிய சத்யப்பிரியாதான் அவளுக்காக ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் ஆஜராகிறாள். ஜோதி வேறு விடுதிக்கு மாறிவிட்டாள். அங்கே பையை இறக்கி வைப்பதற்கு முன்னால் பின்கதவைப் போய்ப் பார்த்தாள்.

நெளிந்த குத்துவிளக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று பந்தல் கடைக்காரர் சொல்லிவிட்டார். அது மலர்வனம் விடுதியின் பின்கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதை யாரும் ஏற்றுவதில்லை. ஆனால் கூட்டிப் பெருக்கும்போதுகூட அதை அங்கிருந்து நகர்த்த அந்தப் பெண்கள் விடுவதில்லை.